மின்னதிர்வுச் சிகிச்சைக்குப் பின் மறதியும் கவனக் குறைவும்: நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

தீவிர மனச்சோர்வு நோய்க்காக மின்னதிர்வுச் சிகிச்சை பெறுவோரும் அவர்களைக் கவனித்துக்கொள்வோரும் எங்களிடம் மிகுதியாகக் கேட்பது நினைவாற்றலைப் பற்றியதே. "இப்போது சாப்பிடுகிறார், தூங்குகிறார், சாக வேண்டும் என்ற பேச்சு நின்றுவிட்டது, ஆனால் போன வாரம் யார் வந்து பார்த்தார்கள் என்றே தெரியவில்லையே" என்று குடும்பத்தார் கேட்கின்றனர். "செய்தித்தாளில் ஒரு பத்தியை முடிப்பதற்குள் அதன் முதல் வரி நழுவிவிடுகிறது" என்று நோயாளிகள் கூறுகின்றனர். சிலர் இதை மருத்துவரிடம் சொல்லத் தயங்கித் தமக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றனர். வேறு சிலர் அச்சத்தால் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். இரண்டுமே தீங்கு விளைவிக்கக்கூடியவை. ஆகையால் இந்த மறதி எத்தகையது, எவ்வளவு காலம் நீடிக்கும், எது மீளும், எது மீளாமல் போகலாம், வீட்டில் என்ன செய்யலாம் என்பவற்றை இங்கு விளக்குகிறோம்.

சிகிச்சை என்பது என்ன?

மக்கள் வழக்கில் 'ஷாக் ட்ரீட்மென்ட்' என்றும், 'கரண்ட் வைப்பது' என்றும், மருத்துவமனையில் ஈ.சி.டி. என்றும் சொல்லப்படுவது ஒரே சிகிச்சைதான். நெற்றியின் பக்கங்களில் வைக்கப்படும் மின்முனைகளின் வழியாக, அளந்து கொடுக்கப்படும் சிறு மின்னோட்டம் சில நொடிகள் செலுத்தப்படுகிறது. அதனால் மூளையில் ஒரு வலிப்பு தூண்டப்படுகிறது. நோயைக் குறைப்பதற்கு இந்த வலிப்பு இன்றியமையாதது. 1938ஆம் ஆண்டு உரோம் நகரில் உகோ செர்லெட்டி, லூசியோ பினி என்னும் இரு மருத்துவர்கள் இதனை முதன்முதலாக மனிதருக்குச் செய்தனர்.

அக்காலத்தில் மயக்க மருந்து இன்றியே இது செய்யப்பட்டது. திரைப்படங்களில் நாம் காண்பது பெரும்பாலும் அந்தப் பழைய முறையைத்தான், அதுவும் மிகைப்படுத்தப்பட்ட வடிவில். இன்று மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்தே செய்யப்படுகிறது. இவையின்றிச் செய்வதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 95, தடை செய்கிறது. புதுச்சேரிக்கும் இச்சட்டம் பொருந்தும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, பாதுகாவலரின் ஒப்புதலும் மனநல ஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் இன்றி இச்சிகிச்சை செய்யக்கூடாது என்றும் அதே பிரிவு கூறுகிறது.

வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை என, பொதுவாக 6 முதல் 12 முறை வரை இது செய்யப்படுகிறது. உணவையும் நீரையும் மறுக்கும் அளவுக்கு முற்றிய மனச்சோர்வு, தற்கொலை ஆபத்து மிகுந்த நிலை, பேச்சும் அசைவும் நின்றுபோன நிலை, மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோய் ஆகியவற்றுக்கு இது பரிந்துரைக்கப்படுகிறது. உயிரைக் காக்கும் சிகிச்சை என்பதாலேயே அதன் பக்கவிளைவுகளை மறைக்காமல் பேச வேண்டியிருக்கிறது.

நோயும் நினைவைக் குறைக்கும்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறோம். சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே, மனச்சோர்வு நோய் கவனத்தையும் நினைவையும் குறைத்துவிடுகிறது. மனம் ஒரே துயர எண்ணத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழும், உள்ளே பதியாது. பதியாத செய்தியைப் பிறகு நினைவுகூரவும் இயலாது. கடைக்குப் போனவர் எதை வாங்க வந்தோம் என்று திகைப்பதும், எண்ணிய பணத்தை மீண்டும் மீண்டும் எண்ணுவதும் இதனால்தான். முதியவர்களிடம் இது முதுமை மறதி நோய் போலவே தோன்றி, மனச்சோர்வு குணமானதும் மறைந்துவிடுவதுண்டு.

ஆகவே சிகிச்சைக்குப் பின் காணப்படும் மறதியில் ஒரு பங்கு நோயால் வந்தது, ஒரு பங்கு சிகிச்சையால் வந்தது, மருந்துகளாலும் சிறிது வந்திருக்கலாம். எல்லாவற்றையும் மின்னோட்டத்தின் மேல் சுமத்துவது சரியன்று. எல்லாவற்றையும் நோயின் மேல் சுமத்தி நோயாளி சொல்வதைத் தள்ளிவிடுவதும் சரியன்று. இரண்டையும் பிரித்தறிய, சிகிச்சைக்கு முன் நினைவாற்றலைச் சோதித்துக் குறித்து வைப்பது உதவுகிறது.

நான்கு வகை மாற்றங்கள்

'மறதி' என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பவற்றுள் நான்கு வேறுபட்ட நிலைகள் உள்ளன.

முதலாவது, சிகிச்சை முடிந்து கண்விழித்தவுடன் ஏற்படும் குழப்பம். இது எந்த இடம், இன்று என்ன கிழமை, அருகில் நிற்பவர் யார் என்பது சற்று நேரம் தெரியாமல் இருக்கலாம். பெரும்பாலோருக்குச் சில நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரத்திற்குள் இது தெளிந்துவிடும். முதியவர்களுக்குச் சற்று நீளலாம். தெளிவதற்கு ஆகும் நேரத்தைச் செவிலியர் குறித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. தெளிவு வர நீண்ட நேரம் ஆகிறவர்களுக்குப் பழைய நினைவுகளில் இழப்பும் கூடுதலாக இருக்கக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

இரண்டாவது, புதியவற்றை மனத்தில் இருத்த முடியாமை. சிகிச்சை நடக்கும் வாரங்களில், காலையில் மருத்துவர் சொன்னது மாலையில் இராது. சந்தித்த உறவினரை மறந்துவிடுவார். ஒரே கேள்வியைப் பலமுறை கேட்பார். சிகிச்சை முடிந்தபின் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் இத்திறன் மீண்டுவிடுகிறது.

மூன்றாவது, சிகிச்சைக்கு முன் நடந்தவற்றை மறத்தல். ஆவணி மாதத்தில் சிகிச்சை பெற்ற ஒருவருக்கு, ஆடியில் வீராம்பட்டினம் தேரைக் குடும்பத்துடன் சென்று பார்த்தது நினைவில் இல்லாமல் போகலாம். ஆனால் சிறு வயதில் தந்தையின் தோளில் அமர்ந்து கண்ட தேர் தெளிவாக நினைவிருக்கும். சிகிச்சைக்கு அண்மையிலான வாரங்களும் மாதங்களும்தான் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன. மீள வாராத இழப்பு ஏற்படக்கூடியதும் பெரும்பாலும் இந்த வகையில்தான்.

நான்காவது, கவனமும் சிந்தனையின் வேகமும் குறைதல். இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்ய இயலாமை, பேச்சின் நடுவே சொல் தட்டுப்படாமை, கணக்குப் போடத் தாமதம், கூட்டத்திலும் இரைச்சலிலும் திணறுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். நோயாளி இதனையும் மறதி என்றே சொல்வார். இதுவும் பெரும்பாலும் சில வாரங்களில் சீராகிறது.

"பெற்ற பிள்ளைகளையே மறந்துவிடுவாரா?" என்று குடும்பத்தார் அஞ்சிக் கேட்பதுண்டு. கண்விழித்த சில நிமிடங்களின் குழப்பத்தை விட்டுவிட்டால், தன் பெயர், உற்றார், தாய்மொழி, கற்ற தொழில், சமையல், நீச்சல், வண்டி ஓட்டும் பழக்கம் போன்றவை பொதுவாக அழிவதில்லை.

ஏன் இவ்வாறு நிகழ்கிறது?

ஒரு நிகழ்ச்சி நினைவாக நிலைக்க மூன்று படிகள் வேண்டும்: கவனித்தல், பதித்தல், தேவையானபோது எடுத்தல். மூளையின் பக்கவாட்டில் உட்புறமாக அமைந்துள்ள ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி புதிய அனுபவங்களைப் பதிப்பதில் முதன்மையான பங்கு வகிக்கிறது. பதிந்தவை உடனே உறுதிப்படுவதில்லை. மண்சுவர் காய்ந்து இறுகுவதற்குக் காலம் எடுப்பதுபோல், நினைவு உறுதிப்படவும் நாட்களும் மாதங்களும் ஆகின்றன. சிகிச்சையில் தூண்டப்படும் வலிப்பு இந்தப் பணியைத் தடை செய்கிறது. ஈரம் காயாத அண்மை நினைவுகள் கலைகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் இறுகியவை தப்புகின்றன.

அண்மை நினைவுகள் முதலில் அழியும், பழையவை எஞ்சும் என்னும் இந்த ஒழுங்கை, தெயோதூல் ரிபோ என்னும் பிரெஞ்சு உளவியலாளர் 1881ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதினார். மின்னதிர்வுச் சிகிச்சை தோன்றுவதற்கு 57 ஆண்டுகளுக்கு முன்பே, தலைக்காயமும் முதுமையும் உண்டாக்கும் மறதியை ஆராய்ந்து அவர் கண்ட விதி, இன்று இச்சிகிச்சை பெறுவோரிடமும் பெரும்பாலும் பொருந்திவருகிறது.

எது மீளும், எது மீளாது?

2010ஆம் ஆண்டு வெளியான ஒரு தொகுப்பாய்வு, 84 ஆய்வுகளில் பங்கேற்ற 2,981 நோயாளிகளின் சோதனை முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. சிகிச்சை முடிந்த முதல் மூன்று நாட்களில் கவனம், கற்கும் திறன், சிந்தனை வேகம் ஆகியவை குறைந்திருந்தன. 15 நாட்களுக்குப் பின் சோதித்தபோது பெரும்பாலான திறன்கள் பழைய நிலையை அடைந்திருந்தன. சில திறன்கள் சிகிச்சைக்கு முன் இருந்ததைவிட மேம்பட்டும் இருந்தன. மனச்சோர்வு நீங்கியது இதற்கு ஒரு காரணமாகும்.

ஆறுதலளிக்கும் இச்செய்தியோடு மற்றொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேற்கண்ட சோதனைகள் புதியதைக் கற்பதையும் கவனத்தையும் அளந்தவை. ஒருவர் தம் வாழ்வில் கண்ட நிகழ்ச்சிகளின் நினைவை அளந்தவை அல்ல. 2003ஆம் ஆண்டு இலண்டனில், சிகிச்சை பெற்றவர்கள் தாமே கூறியவற்றைத் தொகுத்து ஆராய்ந்தபோது, குறைந்தது மூன்றில் ஒருவர் நீடித்த நினைவிழப்பு இருப்பதாகத் தெரிவித்திருந்தனர். 2007ஆம் ஆண்டு நியூயார்க் வட்டார மருத்துவமனைகள் ஏழில் நடந்த ஆய்வும், வாழ்க்கை நிகழ்ச்சிகளைப் பற்றிய நினைவிழப்பு ஆறு மாதங்களுக்குப் பிறகும் சிலரிடம் எஞ்சியிருப்பதைக் கண்டது. சிகிச்சை எந்த முறையில் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து இழப்பின் அளவு வேறுபட்டது.

எனவே எங்கள் விடை இதுதான். புதியதைக் கற்கும் திறனும் கவனமும் பெரும்பாலோருக்கு வாரங்களில் திரும்புகின்றன. இழந்த பழைய நினைவுகளில் பல, மாதங்கள் செல்லச் செல்லச் சிறிது சிறிதாக வருகின்றன. சிகிச்சைக்கு அண்மையில் நடந்தவை, குறிப்பாகச் சிகிச்சை நடந்த அந்த வாரங்களின் நிகழ்ச்சிகள், சிலருக்குத் திரும்பாமலே போகலாம். அதற்கு முந்தைய காலத்திலும் ஆங்காங்கே இடைவெளிகள் எஞ்சலாம்.

பாலு மகேந்திரா இயக்கிய 'மூன்றாம் பிறை' 1982இல் வெளிவந்தது. அதில் விபத்தால் நினைவிழந்த நாயகி, சிகிச்சை முடிந்ததும் ஒரே நாளில் பழைய நினைவு முழுவதையும் பெற்று, இடைப்பட்ட காலத்தை அடியோடு மறந்துவிடுவார். அப்படத்தைக் கண்டவர்கள் அத்தகைய ஒரு நொடிக்காகக் காத்திருக்க வேண்டாம். உண்மையில் நினைவு துண்டு துண்டாகவே மீள்கிறது. ஒரு பாட்டைக் கேட்டபோதோ, ஒரு புடவையைத் தொட்டபோதோ ஒரு துண்டு வரும். அடுத்தது எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

மறதியைக் கூட்டுபவையும் குறைப்பவையும்

மின்முனைகளின் இடம் முக்கியமானது. நெற்றியின் இருபக்கமும் வைக்கும் முறை விரைந்து பலனளிக்கிறது. மறதியும் அதில் கூடுதல். வலப்பக்கம் மட்டும் வைக்கும் முறையில் மறதி குறைவு. பெரும்பாலோருக்கு மொழித்திறன் இடப்பக்க மூளையில் அமைந்திருப்பது இதற்கு ஒரு காரணம்.

மின் துடிப்பின் அகலமும் அவ்வாறே. பழைய கருவிகள் அலைவடிவ மின்னோட்டத்தை இடைவிடாது செலுத்தின; மறதி மிகுந்தது. இன்றைய கருவிகள் மிகக் குறுகிய துடிப்புகளாகச் செலுத்துகின்றன. ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் அரைப்பங்குக்கும் குறைவான துடிப்புகளைக் கொண்ட முறையும் உண்டு. அதில் மறதி மேலும் குறையும். ஆனால் கூடுதல் தடவைகள் தேவைப்படலாம். சாப்பிட மறுத்து உயிர் ஊசலாடும் ஒருவருக்கு விரைவு முக்கியம். ஆபத்து குறைந்த ஒருவருக்குச் சற்று மெதுவான, மறதி குறைந்த முறை பொருந்தலாம். இதனை மருத்துவருடன் பேசியே முடிவு செய்ய வேண்டும்.

வாரம் மூன்று முறைக்குப் பதில் இரண்டு முறை செய்வதும் மறதியைக் குறைக்கும். முதுமை, முன்பே இருந்த நினைவுக் குறைபாடு, லித்தியம் மாத்திரை, சில தூக்க மாத்திரைகள் ஆகியவை குழப்பத்தைக் கூட்டலாம். நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்துகள் உட்பட, சிகிச்சைக்கு முன் சொல்லிவிடுங்கள். மதுப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

சிகிச்சை நாட்களில் நினைவைச் சோதிப்பதற்கென்று, நம் நாட்டு நோயாளிகளுக்கு ஏற்ற சுருக்கமான சோதனைத் தொகுதி ஒன்றைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் உருவாக்கி 2013இல் வெளியிட்டனர். எந்தச் சோதனையாயினும், முன்னும் பின்னும் செய்து ஒப்பிட்டால் பயன் தரும். மறதி வேகமாகக் கூடுவதாகத் தெரிந்தால் மின்முனையின் இடம், மின்னளவு, இடைவெளி ஆகியவற்றை மாற்ற முடியும். ஆகவே ஒவ்வொரு தடவைக்குப் பின்னும் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்.

சிகிச்சை தொடங்குமுன் செய்ய வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நோயாளியால் எழுத இயலாவிடில் அவர் சொல்ல, நீங்கள் எழுதுங்கள். வீட்டுப் பத்திரம், ஆதார், நகைச் சீட்டு, காப்பீட்டு ஆவணம் ஆகியவை இருக்கும் இடம். கட்ட வேண்டிய கடன் தவணை, சீட்டுப் பணம். கொடுத்த, வாங்கிய கைமாற்று. பிள்ளைகளின் கல்விக் கட்டண நாள் ஆகியவை அதில் இடம்பெறட்டும். பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் குடும்பங்கள், உயிர்வாழ் சான்று அனுப்ப வேண்டிய நாளையும் குறித்துக்கொள்வது நல்லது. அது தவறினால் பணம் தடைபடலாம். கைப்பேசிப் பூட்டெண், வங்கிக் கடவுச்சொல் ஆகியவற்றை இந்த நோட்டில் எழுதாமல், நம்பிக்கையானவரிடம் தனியே பாதுகாக்கச் செய்யுங்கள்.

அண்மைய ஓராண்டில் நடந்த முக்கிய நிகழ்ச்சிகளையும் தேதிவாரியாக எழுதி, புகைப்படங்களையும் ஒழுங்குபடுத்தி வையுங்கள். பின்னாளில் இடைவெளிகளை நிரப்ப இவை உதவும்.

சிகிச்சை நடக்கும் வாரங்களில்

சிகிச்சை நாட்களில் ஒருவர் உடன் இருக்க வேண்டும். அந்த வாரங்களிலும், அதன்பின் மருத்துவர் அனுமதிக்கும் வரையிலும், இருசக்கர வண்டியோ காரோ ஓட்டக்கூடாது. ஓட்டும் பழக்கம் கைக்கு இருந்தாலும், குறுக்கே வருவதைக் கவனித்து முடிவெடுக்கும் வேகம் குறைந்திருக்கும். வீடு விற்பது, கடன் வாங்குவது, வேலையை விடுவது, பாகப்பிரிவினை போன்ற முடிவுகளையும் பத்திரங்களில் கையெழுத்திடுவதையும் தள்ளிவையுங்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்பவர்களிடம் இக்காலத்தில் எளிதில் ஏமாற நேரிடும். பணப் பரிமாற்றத்தைக் குடும்பத்தில் ஒருவர் பார்த்துக்கொள்வது நலம்.

மாத்திரைகளைக் குடும்பத்தார் எடுத்துக் கொடுங்கள். போட்டதை மறந்து மறுமுறை போடுவது ஆபத்து. லித்தியம் போன்ற மருந்து அளவு மீறினால் நஞ்சாகும். கிழமையும் வேளையும் குறித்த மாத்திரைப் பெட்டி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது.

நேர்க்கோட்டில் ஒன்றையொன்று வெட்டும் நம் நகரத்து வீதிகளில் ஒரு முனை மற்றொன்றைப் போலவே தோன்றும். பழகிய இடத்திலும் தடுமாற்றம் வரலாம். தனியே வெளியில் செல்வதானால் சட்டைப்பையில் முகவரிச் சீட்டு இருக்கட்டும். தெருமுனைப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடப்பதும் பழக்கத்திற்கு நல்லது. மாலையில் வாகனங்கள் நிறுத்தப்படும் கடற்கரைச் சாலை நடைக்கு ஏற்றது. காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை போன்ற நெரிசலான இடங்களைச் சில வாரங்களுக்குத் தவிர்க்கலாம்.

வீடு திரும்பிய பின்

ஒரு நேரத்தில் ஒரு வேலை என்பதை விதியாகக் கொள்ளுங்கள். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். சாவி, கண்ணாடி, கைப்பேசி ஆகியவற்றுக்கு ஒரே இடம் ஒதுக்குங்கள். அன்றன்றைய பணிகளைக் காலையில் எழுதி, முடிந்ததும் அடித்துவிடுங்கள். பாலை அடுப்பில் ஏற்றினால் இறக்கும் வரை அங்கேயே நில்லுங்கள், அல்லது கைப்பேசியில் மணி வையுங்கள். படிப்பதைப் பத்து நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இரவில் ஐந்து வரி நாட்குறிப்பு எழுதுங்கள். போதிய உறக்கமும் அன்றாட நடையும் நினைவுக்குத் துணை, மது பகை.

வேலைக்குத் திரும்புவதைச் சில வாரங்களுக்குப் பின் வைத்துக்கொள்வது நன்று. கணக்கு எழுதுவோர், இயந்திரத்தில் பணியாற்றுவோர், தேர்வெழுதும் மாணவர் ஆகியோர் மருத்துவரிடம் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். தேவையான விடுப்புச் சான்றில் நோயின் பெயரை எந்த அளவுக்குக் குறிப்பிடுவது என்பதையும் மருத்துவரிடம் பேசலாம்.

குடும்பத்தாருக்கு

நோயாளியைச் சோதிக்காதீர்கள். "இவர் யார் சொல்லுங்கள் பார்ப்போம்" என்று வருவோர் முன்னிலையில் கேட்பது அவரை மிகவும் புண்படுத்தும். "அம்மா, காரைக்கால் சித்தப்பா வந்திருக்கிறார்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரே கேள்வியை ஐந்தாம் முறை கேட்டாலும் முதல்முறை கேட்டதுபோல விடை சொல்லுங்கள். அவருக்கு அது முதல்முறைதான்.

மகளின் திருமணமே நினைவில் இல்லை என்றால் அது தாய்க்குப் பெருந்துயரம். "அதையுமா மறந்துவிட்டீர்கள்!" என்று வியக்காமல், படங்களைக் காட்டி அன்று நடந்ததை நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லிக் கேட்டது தாமே கண்ட நினைவாக மாறிவிடாது என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். "உயிர் பிழைத்தீர்களே, நினைவு போனால் என்ன?" என்று சொல்வது ஆறுதலாகாது. இழப்பை இழப்பாகவே மதிக்க வேண்டும்.

இரண்டு செய்திகளில் தனிக் கவனம் தேவை. சிகிச்சைக்குச் சில வாரங்களுக்கு முன் வீட்டில் ஓர் இறப்பு நேர்ந்திருந்தால், நோயாளி அதை மறந்து, இறந்தவர் எங்கே என்று கேட்கலாம். பொய் சொல்லிச் சமாளிக்க வேண்டாம். வேலையின் நடுவே சட்டென்று சொல்லவும் வேண்டாம். நெருங்கிய ஒருவர் அருகில் அமர்ந்து, கையைப் பற்றி, சுருக்கமாக உண்மையைச் சொல்ல வேண்டும். அவருக்கு அது புதிய செய்தி, புதிதாகவே அழுவார். அவ்வாறே, தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றதையே ஒருவர் மறந்திருக்கலாம். அதனை எப்போது, யார், எவ்வாறு சொல்வது என்பதை எங்களுடன் பேசி முடிவு செய்யுங்கள். வெளியாரிடமிருந்து அவர் கேள்விப்படும்படி விடக்கூடாது.

எப்போது உடனே தெரிவிக்க வேண்டும்?

சிகிச்சை நாளன்று மாலையிலும் குழப்பம் தெளியவில்லை என்றால். காய்ச்சல், கடுந்தலைவலி, கைகால் பலவீனம், வலிப்பு ஏற்பட்டால். இல்லாத உருவம் தெரிவதாகவோ குரல் கேட்பதாகவோ சொன்னால். கைந்நடுக்கத்துடன் வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின்னும் மறதி குறையாமல் இருந்தாலோ, குறைந்தது மீண்டும் கூடினாலோ அதற்கு வேறு காரணங்களைத் தேட வேண்டும். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, உறக்கக் கோளாறு, முதுமை மறதி நோயின் தொடக்கம், மருந்துகளின் அளவு ஆகியவற்றை எளிய பரிசோதனைகளால் ஆராயலாம். மனச்சோர்வு திரும்பி வருவதன் முதல் அடையாளமாகவும் கவனக் குறைவு தோன்றக்கூடும்.

நிறுத்துவதும் தொடர்வதும்

மறதியைக் கண்டு அஞ்சிச் சிகிச்சையைச் சொல்லாமல் நிறுத்திவிடுவோருக்கு நோய் திரும்பும் ஆபத்து மிகுதி. 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மின்னதிர்வுச் சிகிச்சையால் குணமடைந்தபின் உண்மை மருந்து ஏதும் பெறாதவர்களில் 100க்கு 84 பேருக்கு 24 வாரங்களுக்குள் நோய் திரும்பியது. நார்ட்ரிப்டிலின் என்னும் மருந்துடன் லித்தியமும் பெற்றவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. ஆகையால் சிகிச்சை முடிந்தபின் மாத்திரைகளைத் தொடர்வது இன்றியமையாதது. மாத்திரையை மறப்பதாலேயே நோய் திரும்புவதைத் தடுக்கக் குடும்பத்தாரின் உதவி மிகத் தேவை.

அதே நேரத்தில், முடிவெடுக்கும் திறனுள்ள ஒரு நோயாளி இச்சிகிச்சை வேண்டாம் என்று சொல்லவும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் உரிமையுண்டு. எதிர்காலத்தில் தமக்கு எத்தகைய மனநலச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், தமக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நியமிக்கவும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் இவற்றைக் கேளுங்கள்: எந்த முறையில் செய்யப்போகிறீர்கள்? எத்தனை முறை? மறதி கூடினால் எதை மாற்றுவீர்கள்? வேறு சிகிச்சை எது உண்டு? செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஒப்புதல் பேச்சையே நோயாளி பின்னர் மறந்துவிடக்கூடும் என்பதால், விடைகளை எழுதிக்கொள்ளுங்கள். சிகிச்சையின் இடையில் மீண்டும் கேட்கவும் தயங்காதீர்கள்.

மறுபரிசோதனைக்கு வரும்போது, மறதியைப் பற்றிய குறிப்புகள் எழுதிய நோட்டையும் உடன் கொண்டுவாருங்கள். என்ன மறந்தது, எப்போது, அதனால் என்ன இடர் வந்தது என்று இரண்டொரு எடுத்துக்காட்டு இருந்தால் போதும். தற்கொலை எண்ணம் மீண்டும் தலைதூக்கினால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். எந்த நேரத்திலும் அவசரப் பிரிவுக்கு வரலாம். இந்திய அரசின் டெலி மானஸ் இலவசத் தொலைபேசி எண் 14416இல் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.